கிறிஸ்தவ இறையியலில் முதுகலை படிக்க முனைவோருக்கு

இறையியலில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்தக் கல்லூரி நல்லது என்பதைத்தான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. எந்தப் பட்ட முறையின் கீழ்ப் படிக்கப் போகிறோம் என்பதும், எந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறோம் என்பதும் தெளிவானால், கல்லூரி ஏறத்தாழத் தானாகவே அமைந்துவிடும். இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்திலிருந்து, கிறிஸ்தவ இறையியலில் முதுகலைப் பட்டம் பெற விரும்புகிறவர்களை நினைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பட்டப் பெயர்களில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பி.காம். அல்லது பி.எஸ்சி. முடித்த ஒருவர் நேராக எம்.டி.எச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) வகுப்பில் சேர முடியாது. எம்.டி.எச். என்பது இறையியலில் ஏற்கெனவே ஒரு முதற்பட்டம் பெற்றவருக்கு உரிய ஆய்வுநிலைப் பட்டம். அந்த முதற்பட்டம் நம் நாட்டில் பொதுவாக பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி), சில கல்லூரிகளில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) எனப்படும். எம்.டிவ். என்ற பெயரில் ‘மாஸ்டர்’ என்ற சொல் இருப்பதால் அதுவே முதுகலை ஆய்வுப் பட்டம் என்று கருதிவிடக் கூடாது. அது திருப்பணிக்கு ஆயத்தப்படுத்தும் அடிப்படைப் பட்டம், தரத்தில் பி.டி.க்கு அருகில் நிற்பது. எம்.ஏ. என்ற பெயரிலும் பல படிப்புகள் உள்ளன. அவற்றுள் சில எந்தத் துறைப் பட்டதாரிக்கும் திறந்தவை. ஆகவே கையில் உள்ள பட்டம் எது என்பதைப் பொறுத்தே பாதை எவ்வளவு நீளம் என்பது தெரியும். இறையியல் படிக்காத பட்டதாரி ஒருவர் எம்.டி.எச். வரை போக எண்ணினால், பி.டி.க்கான ஆண்டுகளையும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுகளைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்தப் பட்ட முறைகளைப் பார்ப்போம். சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நடக்கும் வழி, பல இறையியல் கல்லூரிகளுக்குப் பொதுவாகப் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டின் வழி. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1818இல் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, அந்த ஊர் அப்போது டேனிஷ் ஆளுகையில் இருந்தமையால், டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடெரிக் 1827இல் பட்டம் வழங்கும் உரிமையை அரச பட்டயம் வழியாக அளித்தார். 1918ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதை உறுதி செய்து, செனட் அமைப்புக்கு வழிவகுத்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரி, 1910இல் தொடங்கப்பட்ட பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, கொல்கத்தா பிஷப்ஸ் கல்லூரி ஆகிய எல்லாம் இந்தக் குடையின் கீழ் வருகின்றன. இலங்கையில் பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரியும் செராம்பூருடன் இணைந்ததே. கல்லூரி எதுவானாலும் பட்டம் ஒன்றே என்பதால், ஒரு கல்லூரியில் பி.டி. முடித்து மற்றொன்றில் எம்.டி.எச். சேர்வது இங்கே இயல்பான வழக்கம்.

இரண்டாவது வழி, ஆசிய இறையியல் கழகத்தின் தரச்சான்று பெற்ற சுவிசேஷக் கல்லூரிகளின் வழி. பெங்களூருவிலுள்ள சயாக்ஸ் எனப்படும் நிறுவனம் இவற்றுள் மேற்படிப்புக்குப் பெயர் பெற்றது. அந்தக் கழகம் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பே ஒழிய பல்கலைக்கழகம் அன்று. பட்டத்தைத் தருவது அந்தந்தக் கல்லூரி. மூன்றாவது, கத்தோலிக்கருக்குரிய வழி. புனே ஞானதீப வித்யாபீடம், பெங்களூரு தர்மாராம் வித்யா க்ஷேத்திரம், டெல்லி வித்யாஜோதி போன்ற நிறுவனங்களில், இறையியல் இளநிலைப் பட்டத்துக்குப் பின் ‘லைசென்ஷியேட்’ என்னும், முதுகலை நிலையிலான திருச்சபைப் பட்டத்தைப் பெறலாம். குருமாணவர்களோடு துறவறத்தாரும் பொதுநிலையினரும் இவற்றில் படிக்கிறார்கள். நான்காவது, மதச்சார்பற்ற பல்கலைக்கழகத்தின் வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகளுக்கெனத் தனித்துறை உண்டு; மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய துறை இருக்கிறது. நம்பிக்கையாளர் அல்லாதவரும் சேரக்கூடிய, எந்தச் சபையின் பரிந்துரைக் கடிதமும் வேண்டாத இடம் இது.

இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. பட்டத்தைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே அளவுகோல். இறையியல் கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்றால், செராம்பூர்க் கல்லூரிகளில் செராம்பூர் எம்.டி.எச். தான் நேரான தகுதி. அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பணியாற்ற எண்ணினால், பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கும் பட்டம் தேவைப்படும். அப்போது பல்கலைக்கழகத் துறையே பாதுகாப்பான தேர்வு. ஆயராக, அதாவது சபைப் போதகராக, பணியாற்றிக்கொண்டே அறிவை ஆழப்படுத்த விரும்புகிறவருக்குச் சபை எதை ஏற்கிறது என்பதே முக்கியம். பணிக்கான அங்கீகாரம் பற்றிய எந்தப் பதிலையும் வாய்மொழியாகப் பெற்றுத் திருப்தியடைய வேண்டாம். வேலை தரப்போகும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு கழித்து ‘இது செல்லாது’ என்று கேட்பதைவிட, சேரும் முன்பே கேட்பது எளிது.

எச்சரிக்கை ஒன்றும் இங்கே அவசியம். தேர்வு இல்லை, நூலகம் இல்லை, ஆய்வேடு இல்லை. கட்டணம் செலுத்தினால் ஒரு நாள் விழாவில் அங்கியும் தொப்பியும் அணிவித்து முதுகலை முதல் முனைவர் வரை பட்டம் வழங்குகிறோம் என்று சுவரொட்டி அடிக்கும் நிறுவனங்கள் நம் ஊர்களில் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். அந்தப் பட்டம் பெற்ற ஒருவர் செராம்பூர்க் கல்லூரி ஒன்றிலோ பல்கலைக்கழகத் துறை ஒன்றிலோ மேற்படிப்புக்கு ஏற்கப்பட்டிருக்கிறாரா என்று விசாரித்தாலே உண்மை வெளிப்பட்டுவிடும்.

செராம்பூர் எம்.டி.எச். பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. முதலாண்டில் பாடங்களும் கருத்தரங்குக் கட்டுரைகளும், இரண்டாம் ஆண்டில் ஆய்வேடும் என்பது அதன் அமைப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், அறவியல், அருட்பணியியல், மேய்ப்புப் பராமரிப்பும் ஆற்றுப்படுத்தலும், பெண்ணியல் எனப் பல துறைகள் இருந்தாலும், எல்லாக் கல்லூரிகளும் எல்லாத் துறைகளையும் எல்லா ஆண்டுகளிலும் நடத்துவதில்லை. ஒரு துறையைத் திறக்கப் போதிய பேராசிரியர்கள் வேண்டும்; ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த ஆண்டு சேர்க்கையே நின்றுவிடக்கூடும். ஆகையால் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே நாம் விரும்பும் துறை வரும் கல்வியாண்டில் நடக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பி.டி. மதிப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வரம்பு உண்டு. நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு. திருமண்டலத்தின், அதாவது பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதியின், பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. அந்தக் கடிதம் கையெழுத்தாகி வர ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பேராயர் அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகம் நம் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து அமைவதில்லை.

திருமண்டலம் அனுப்பிப் படிப்பவருக்கும் சொந்தமாகப் படிப்பவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அனுப்பப்பட்டவருக்குக் கட்டணமும் சில இடங்களில் சம்பளமும் கிடைக்கலாம். ஆனால் படித்து முடித்ததும் சபை சொல்லும் இடத்தில் பணியாற்ற வேண்டிய கடப்பாடும் கூடவே வரும். சொந்தமாக வருகிறவர் சுதந்திரமாக இருக்கலாம், செலவைத் தானே சுமக்க வேண்டும். இறையியல் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தைவிட விடுதி, உணவுச் செலவே பெரும்பாலும் கூடுதல். திருமணமானவர்கள் குடும்பக் குடியிருப்பு கிடைக்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவை எண்ணிக்கையில் குறைவு.

இனி, இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். நேர்முகத்தில் ‘என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள்’ என்ற கேள்வி தவறாமல் வரும். ‘துன்பத்தைப் பற்றிய இறையியல்’, ‘இன்றைய உலகில் கிறிஸ்து’, ‘திருச்சபையும் சமுதாயமும்’ போன்ற பதில்களைக் கேட்டுப் பேராசிரியர்கள் சலித்திருக்கிறார்கள். இவை தலைப்புகள், இவற்றில் வினா எதுவும் இல்லை. நூற்றிருபது பக்க அளவிலான ஆய்வேட்டில் விடை தேடக்கூடிய அளவுக்கு ஒரு வினா சிறிதாக வேண்டும்.

எப்படிச் சிறிதாக்குவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் திருவிருந்து பற்றி, அதாவது வழிபாட்டில் அப்பமும் இரசமும் பகிரும் சடங்கு பற்றி, ஆய்வு செய்ய விரும்புகிறார். திருவிருந்து குறித்துச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 1529இல் ஜெர்மனியின் மார்பர்கில் மோதிக்கொண்டதிலிருந்து எழுதப்பட்டவற்றைப் படிக்கவே ஓர் ஆயுள் போதாது. ஆனால் அந்த மாணவர் நெல்லைப் பகுதியைச் சேர்ந்தவர்; அவர் ஊர்க் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை அசனம் நடக்கிறது. ஊரே சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அந்த விருந்துக்கும் பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டுப் பெறும் அப்பத்துக்கும் என்ன உறவு என்று அவர் கேட்டால், அங்கே ஒரு வினா பிறக்கிறது. அடுத்து அவர் பார்க்க வேண்டியவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த, ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையை அமைத்த அவர், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதை இறையியல் கருத்தாகவே வளர்த்தெடுத்தார். சாதியால் தனிப்பந்தி போடப்பட்ட வரலாறு உள்ள மண்ணில் ஒரே உலை என்பதன் பொருள் என்ன? அந்த ஊரின் அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசியில் உண்கிறார்கள்? இப்போது ஆய்வுக்கு ஒரு களம், ஓர் இறையியலாளர், ஒரு கோட்பாடு மூன்றும் கிடைத்துவிட்டன. ஸ்விங்லியும் லூத்தரும் பின்னணியில் இரண்டு பக்கம் வந்தால் போதும்.

இத்தகைய வினாவைக் கண்டுபிடிக்கத் தமிழ் மாணவருக்கு உள்ள வாய்ப்பு பெரியது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலப் பாடநூல்களில் வரும் ஜெர்மானிய, அமெரிக்கப் பெயர்களை ஒப்பிப்பதே இறையியல் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. சொல் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மிஷனரி ஃபெப்ரீஷியஸின் விவிலிய மொழிபெயர்ப்பில் இறைவன் ‘பராபரன்’. 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’. பழைய கத்தோலிக்க வழக்கில் ‘சருவேசுரன்’. 1995இன் பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’. சீர்திருத்தச் சபையில் ‘கிருபை’ என்பது கத்தோலிக்கரிடம் ‘அருள்’ ஆகிறது. அருள் என்ற அந்தச் சொல்லுக்குச் சைவ சித்தாந்தத்தில் ஆழமான தனி வரலாறும் இருக்கிறது. இந்தச் சொற்களுக்கு இடையிலான இடைவெளியில் கடவுட்கொள்கை பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் காத்துக் கிடக்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், பக்தி மார்க்கத்தை வைத்துக் கிறிஸ்தவத்தை விளக்கிய பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்துவை அவதாரம் என்று பேசிய வி. சக்கரை, 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக அருட்பணி மாநாட்டை ஒட்டி டச்சு இறையியலாளர் ஹெண்ட்ரிக் கிரேமரின் கருத்துகளை எதிர்த்து நின்ற பி. செஞ்சையா ஆகியோரைப் படிக்காமல் தமிழ்நாட்டில் ஒருவர் இறையியல் முதுகலை முடிப்பது, கம்பனைப் படிக்காமல் தமிழ் எம்.ஏ. முடிப்பதைப் போன்றது. தலித் இறையியலும் அப்படியே. 1980களில் அர்விந்த் நிர்மல் பெங்களூருவில் தொடங்கிவைத்து, பின்னர் சென்னை குருகுலத்தில் தொடர்ந்த அந்தச் சிந்தனையின் முதன்மைப் பகுதிகளைச் சுருக்கங்களில் அன்றி மூலக் கட்டுரைகளில் படித்துவிட்டுச் சேருங்கள்; முதல் பருவத்திலேயே அதன் பயன் தெரியும்.

மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. விவிலியத் துறைகளுக்கு எபிரேயமும் கிரேக்கமும் தவிர்க்க முடியாதவை, பி.டி.யில் எழுத்துக்கூட்டிப் படித்த அளவு போதாது. கிறிஸ்தவ இறையியல் துறைக்கு அந்தக் கட்டாயம் குறைவு என்றாலும், அடிப்படைக் கிரேக்கம் இல்லாதவர், கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றி நான்காம் நூற்றாண்டில் எழுந்த நைசீன் விவாதங்களில் தடுமாறுவார். தரங்கம்பாடி மிஷன் வரலாற்றைத் தொடுகிறவருக்கு ஜெர்மன் உதவும், ஏனெனில் அந்தக் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. எம்.டி.எச். ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், தமிழ்வழியில் பி.டி. படித்தவர்கள் சேர்வதற்கு முந்தைய ஓராண்டில் வாரம் ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் படித்து, அதன் வாதத்தைத் தம் சொற்களில் ஒரு பக்கத்தில் எழுதிப் பழகினால் பாதிச் சுமை குறைந்துவிடும். தமிழ் மூலங்களை மேற்கோள் காட்டும்போது ஆங்கில மொழிபெயர்ப்போடு தமிழ் வடிவத்தையும் தர அனுமதி உண்டா என்பதை நெறியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெறியாளர் தேர்வு பற்றி வெளிப்படையாகப் பேசுபவர்கள் குறைவு. புகழ் பெற்ற பேராசிரியர் ஆண்டில் பாதி நாள் மாநாடுகளில் இருப்பார்; பெயர் தெரியாத இளம் ஆசிரியர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் வரிவரியாகத் திருத்தித் தருவார். முந்தைய ஆண்டு மாணவர்களிடம் ‘அவர் எழுதியதைத் திருப்பித் தர எவ்வளவு நாள் எடுத்துக்கொள்வார்’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். மாதம் இருமுறையாவது சந்திப்பதென்றும், ஒவ்வொரு சந்திப்புக்கும் எழுதப்பட்ட ஏதேனும் ஒன்றைக் கொண்டு போவதென்றும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நலம்.

ஆய்வேட்டு ஆண்டில் நேரத்தை விழுங்குவது நூல் தேடுதல். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் மிஷன் சங்கங்களின் பழைய பதிவுகளும் இறையியலாளர்களின் தாள்களும் உள்ளன. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்கள் கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் மறந்துவிட வேண்டாம். இவற்றுக்குக் கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதத்துடன் போக வேண்டும். சிற்றூர்ச் சபைகளின் குறிப்பேடுகளும் ஞானஸ்நானப் பதிவேடுகளும் சேகரக் குருவின் (பல ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் போதகரின்) இரும்புப் பெட்டியில் கிடக்கும். அவற்றைப் பார்க்க அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், பார்த்த பக்கத்தைப் படமெடுக்கும் முன் மறுபடியும் கேளுங்கள். அசனத்தைப் பற்றிய ஆய்வு போல ஊராரிடம் பேச வேண்டிய ஆய்வானால், பேட்டி தருகிறவரின் ஒப்புதலை முதலிலேயே பெற வேண்டும். சாதியைத் தொடும் பேச்சு வரும் என்றால் பெயரை மறைத்து எழுதுவதே நேர்மை. அடிக்குறிப்புகளுக்குச் சொடேரோ (Zotero) போன்ற மென்பொருளை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தால் அதைக் கண்டறியும் மென்பொருள்கள் இப்போது கல்லூரிகளில் உள்ளன. தெரியாமல் விட்ட மேற்கோள் குறியும் திருட்டாகவே கணக்கிடப்படும்.

வெளிநாட்டில் படிக்க விரும்புகிறவர்களுக்கும் சில செய்திகள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் போன்ற இறையியல் கல்லூரிகளில் டி.எச்.எம். (நம் எம்.டி.எச். போன்ற பட்டம்) ஓராண்டுப் படிப்பு, எம்.டிவ். அல்லது அதற்கு நிகரான பட்டத்தை அவை முன்தகுதியாகக் கேட்கின்றன. எடின்பரோவிலும் ஓராண்டு முதுகலை உண்டு. ஜெனீவாவுக்கு அருகில் 1946இல் தொடங்கப்பட்ட, உலகத் திருச்சபைகள் மன்றத்தின் போசே நிறுவனத்தில், சபைகளின் ஒற்றுமையை நோக்கிய ஒன்றிப்பு இறையியலைப் பல நாட்டு மாணவர்களோடு சேர்ந்து பயிலலாம். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், வங்கி நிதிச் சான்று, உதவித்தொகைக்கான தனி விண்ணப்பம் ஆகியவற்றுக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். என் கருத்தில், தமிழகத் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்ய எண்ணுகிறவர் முதுகலையை இங்கேயே முடித்து, முனைவர் ஆய்வுக்கு வெளியே போவது மேல். களமும் ஆவணமும் மொழியும் இங்கே இருக்கும்போது ஓராண்டுப் படிப்புக்காக அவற்றை விட்டுப் போவதில் இழப்பே மிகுதி.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின்னும் சில வேலைகள் மீதமிருக்கும். மதிப்பீட்டாளர் கேட்கும் திருத்தங்களுக்கு ஒரு மாத காலத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த மாதத்திலேயே ஆயர் பணி நியமனம் வந்து, புதிய ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டிய நிலை பலருக்கு நேர்ந்திருக்கிறது. கல்லூரியைவிட்டு வெளியேறும் முன், மதிப்பெண் பட்டியலின் முத்திரையிட்ட பிரதிகளைக் குறைந்தது நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவற்றுக்காக மறுபடியும் ரயிலேற வேண்டியிராது. நெறியாளரிடமிருந்தும் இன்னொரு பேராசிரியரிடமிருந்தும் பரிந்துரைக் கடிதத்துக்கான ஒப்புதலை நேரில் கேட்டுப் பெற்றுவிடுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பது போலவே, பேட்டி தந்த சபைக்கும் ஒன்றைக் கொடுத்து, அதோடு பத்துப் பக்கத்தில் தமிழ்ச் சுருக்கத்தையும் வையுங்கள். அதைப் படித்துவிட்டு, நீங்கள் எந்த இடத்தில் தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று அந்த ஊர் உபதேசியார் (ஊர்ச் சபையில் போதகருக்கு உதவும் ஊழியர்) சொல்வது, பெரும்பாலும் அடுத்த ஆய்வுக்கான முதல் குறிப்பாக இருக்கும்.